மனைநிலமும் நீர் ஊடுவடிதலும்: ஊவா மலைநாட்டை முன்னிட்டு ஓர் ஆராய்வு

கல்லூரி மலர்களுக்குக் கட்டுரை வரைவோர் கோயிலையும் காவியத்தையும் பொருளாகக் கொள்ளுதல் பெருவழக்கு. தமிழ் கற்பிக்கும் யாம் மலசலகூடக் குழியைப் பொருளாகக் கொண்டமை சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். ஆயினும், நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் மனை வாங்கி வீடு கட்டுகின்றனர். தோட்டங்களிலே லயன்களை விட்டுத் தனிவீடுகளுக்குப் பெயர்கின்ற குடும்பங்களும் பல. வீட்டின் முகப்பைப் பற்றிப் பத்து நாள் ஆலோசிப்போர், அவ்வீட்டின் கழிவுநீர் எந்த மண்ணுக்குட் போகும், போன பின் யார் வீட்டு வாசலிலே தலைகாட்டும் என்பதைப் பத்து நிமிடமாவது ஆலோசிப்பதில்லை. அக்குறையை ஒரு சிறிதேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லும் இரு பொருளும்

தமிழில் 'ஊறுதல்' என்றொரு வினை உண்டு. அரிசி நீரில் ஊறுகிறது என்கிறோம். கிணற்றிலே நீர் ஊறுகிறது என்றுங் கூறுகிறோம். முன்னையது உட்புகுதல், பின்னையது வெளிப்படுதல். எதிரெதிரான இவ்விரு செயல்களுக்கும் ஒரு சொல்லையே நம் முன்னோர் வழங்கினர். மலைநாட்டிலே சில காலம் வாழ்ந்தவர்க்கு இதிலுள்ள பொருத்தம் எளிதிற் புலனாகும். மேட்டிலே மண்ணுக்குள் ஊறிய நீரே பள்ளத்திலே ஊற்றாக ஊறுகின்றது. மேல் லயத்துக் குழியும் கீழ் லயத்துப் பீலியும் ஒரே நீரின் இரு முனைகளாதல் கூடும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

பழையதொரு குழிச் சோதனை

மனைநிலத்திற் குழி தோண்டிச் சோதித்தல் நமக்குப் புதியதன்று. கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் இரு சோதனைகளைக் கூறியுள்ளார். முழ அளவிற் குழி தோண்டி, எடுத்த மண்ணை மீண்டும் அதிலே இட்டால், மண் மிகுமாயின் உத்தமம், சமமாயின் மத்திமம், குறையுமாயின் அதமம் என்பது ஒன்று. குழியை நீரால் நிரப்பி, நூறடி நடந்து சென்று மீண்டு வந்து பார்க்க, நீர் குறையாதிருப்பின் நன்னிலம் என்பது மற்றொன்று. நம் ஊர்களிலே மனை கோலும் ஆசாரிமார் இவற்றை ஒத்த சோதனைகளை இன்றுஞ் செய்வதுண்டு.

இப்பழைய சோதனையும் இக்காலத்துச் சோதனையும் செய்முறையால் ஒன்றுபோலத் தோன்றினும் நோக்கத்தால் மாறுபட்டவை. முன்னோர் வினாவியது, 'இம்மண் சுவரைத் தாங்குமா?' என்பது. ஆதலின் நீர் நின்ற நிலம் அவர்க்கு நன்னிலமாயிற்று. நாம் வினாவுவது, 'இம்மண் கழிவுநீரை ஏற்குமா?' என்பது. நீர் சிறிதும் இறங்காத நிலம் நமக்கு ஆகாத நிலம். விரைந்து இறங்கும் நிலமும் ஆகாது. இரண்டிற்கும் இடைப்பட்டதே வேண்டுவது. ஆகவே, ஆசாரியார் நன்றென்று கூறிய மனை கழிவுநீருக்கும் நன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடுதல் தவறு.

தாங்கி செய்வதும் செய்யாததும்

அழுகற்றாங்கி என்பதைப் பலர் கழிவை முற்றிலும் தூய்மை செய்யும் கருவி எனக் கருதுகின்றனர். பிரான்சு நாட்டிலே வெசூல் என்னும் ஊரினரான மூராஸ் என்பார் 1860களில் இத்தகைய தொட்டியொன்றை அமைத்து, 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரத்திலே டொனால்ட் கமரன் என்பார் அதனைச் செம்மைப்படுத்தி, 'செப்டிக் தாங்கி' என்ற பெயரையும் வழங்கினார். இத்தாங்கியினுள் நிகழ்வது யாது? பாரமான பொருள்கள் அடியிலே சேறாகத் தங்குகின்றன. நெய்ப்பொருள்கள் மேலே ஏடாக மிதக்கின்றன. காற்றில்லாச் சூழலில் வாழும் பற்றீரியாக்கள் சேற்றின் ஒரு பகுதியை அழுகச் செய்து குறைக்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியே செல்கின்றது.

அவ்வாறு வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெளிவாயிருப்பினும், நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, மஞ்சட்காமாலை முதலியவற்றின் கிருமிகள் அதிலே பெருமளவில் இருத்தல் கூடும். உண்மையான துப்புரவு தாங்கியிலன்று, மண்ணிலேதான் நிகழ்கின்றது. உறிஞ்சு குழியினின்று கசியும் நீர், காற்றுப் புகுந்துள்ள மண்துகள்களின் இடையே மெல்ல மெல்ல இறங்கும்போது கிருமிகள் வடிக்கப்பட்டும், துகள்களிலே ஒட்டியும், உணவின்றியும் மடிகின்றன. மண்ணே வடிகட்டி, தாங்கி அதற்கு முன்னுள்ள வாயில் மாத்திரமே. வாயிலுக்குப் பணத்தைச் செலவிட்டு வடிகட்டியைச் சோதியாமல் விடுதல், பெரும் பொருள் கொடுத்துப் பூட்டு வாங்கிக் கதவை மறந்ததை ஒக்கும்.

தோட்டங்களிலே மலசலகூடங்களின் வரலாறு நோயோடு பிணைந்தது. 1916இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கிற்று. வெறுங்காலோடு உழைத்த தொழிலாளரின் உடலை இரத்தசோகையால் நலியச் செய்த அப்புழு, வெளியிடங்களிற் கழிக்கப்பட்ட மலத்தினாலேயே பரவிற்று. மருந்தோடு மலசலகூடமும் வேண்டும் என்பது அன்று உணரப்பட்டது. மலசலகூடத்தோடு தகுந்த மண்ணும் வேண்டும் என்பதை நாம் இன்று உணர்தல் வேண்டும்.

ஊவாவின் மண்ணும் மழையும்

பதுளை நகர் கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,230 மீற்றர் அளவிலும் உள்ளன. இப்பகுதியின் அடிப்பாறை மிகப் பழைய நைசு வகையைச் சேர்ந்தது. இடையிடையே படிகக்கல்லும் சுண்ணச் சார்பான சலவைக்கல்லும் காணப்படும். பாறை நெடுங்காலம் சிதைந்து உண்டானதே நாம் காணும் செம்மண். கையிலே பிசைந்தால் களிபோலத் தோன்றினும், இரும்புச் சேர்க்கையினால் இம்மண்ணின் நுண்துகள்கள் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருத்தலின், அவற்றினிடையே நீர் எளிதில் இறங்குவதுண்டு. ஆகவே கையாற் பிசைந்து மாத்திரம் முடிவு கூறுதல் ஊவாவிலே ஏமாற்றம் தரும்.

மண்ணின் நிறமும் ஒரு சாட்சி. நல்ல செந்நிறமும் மஞ்சள் கலந்த சிவப்பும் அங்கே காற்று உலாவுவதைக் காட்டும். வெட்டிய குழியின் சுவரிலே சாம்பல் நிறத் திட்டுக்களும் துருப்பிடித்தாற் போன்ற புள்ளிகளும் கலந்து காணப்படின், ஆண்டின் சில மாதங்களில் அந்த ஆழம்வரை நீர் தேங்கி நிற்கிறது என்பது பொருள். கோடையிலே அக்குழி உலர்ந்திருக்கலாம். ஆயினும் மண் தன் நினைவை நிறத்திலே எழுதி வைத்திருக்கின்றது. வெலிமடைப் பக்கத்து வயலோரங்களிலும் பதுளு ஓயாவின் தாழ்கரைகளிலும் மனை பார்ப்போர் இதனை முதலிற் கவனித்தல் வேண்டும்.

இன்னும், தோட்டநிலம் இயற்கை நிலமன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை பயிரிட்டதனால் மேல்மண் பல இடங்களில் அரித்துச் செல்லப்பட்டுவிட்டது. லயன்கள் கட்டுவதற்காகச் சரிவை வெட்டிச் சமமாக்கிய தளங்களிலே உட்பாதி வெட்டுநிலமும் வெளிப்பாதி கொட்டிய மண்ணுமாக இருக்கும். வெட்டுநிலத்திலே பாறை அண்மையிலிருக்கும். கொட்டிய மண்ணிலோ நீர் கண்டபடி பாயும். அதனாற் கொட்டிய மண்ணிற் செய்த சோதனை எதற்குஞ் சான்றாகாது.

மழையைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி தொடங்கித் தை வரை, அதாவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, ஊவாவின் பெருமழைக் காலம். ஆனி, ஆடி மாதங்களிலே கச்சான் காற்று மண்ணை உலர்த்திவிடும். ஆவணியிலே உலர்ந்த மண்ணில் ஊற்றிய நீர் மாயமாய் மறையும். அதே மண் மார்கழியிலே ஒரு வாளி நீரையும் ஏலாது. ஆதலின் சோதனையை மழைக்காலத்திற் செய்தல் நன்று. இயலாதாயின், பின்னர்க் கூறுமாறு மண்ணை முன்னதாக நன்கு ஊறவைத்தல் இன்றியமையாதது.

சோதனை செய்யும் முறை

ஊடுவடிதற் சோதனையை 1920களில் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி றையன் என்னும் பொறியியலாளர் வகுத்தார். அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை 1957இல் வெளியிட்ட கைந்நூல் அதனைத் திருத்தமாக வரையறுத்தது. அலவாங்கு, மண்வெட்டி, வாளி, அடிமட்டம், கடிகாரம், ஓர் ஆணி ஆகியனவே கருவிகள். உயர்வகுப்பு மாணவர் எவருஞ் செய்யக்கூடியது.

முதலாவதாக, உறிஞ்சு குழி அல்லது உறிஞ்சு கான் அமையவிருக்கும் இடத்திலேயே, ஒன்றுக்கொன்று சற்று விலகிய மூன்று குழிகளேனும் தோண்டுக. ஒரே மனையின் இரு மூலைகளில் மண் வேறுபடுதல் மலைநாட்டில் இயல்பு. குழியின் அகலம் 12 அங்குலத்திற்கு மேற்படாதிருக்கட்டும். கழிவுநீர் எந்த ஆழத்திற் கசியவுள்ளதோ அந்த ஆழத்து மண்ணையே சோதித்தல் வேண்டும். ஆழமான உறிஞ்சு குழியாயின், அதன் அரை ஆழத்திலும் அடியிலும் தனித்தனியே சோதிக்க.

இரண்டாவதாக, மண்வெட்டியின் அலகு குழிச்சுவரை மெழுகியது போல வழவழப்பாக்கியிருக்கும். அம்மெழுக்கு நீரைத் தடுக்குமாதலின், ஆணியாற் சுவரைக் கீறி இயற்கையான மண் வெளிப்படச் செய்க. உதிர்ந்த மண்ணை அகற்றி, அடியில் இரண்டு அங்குலம் சரளைக்கல் பரப்புக.

மூன்றாவதாக, சரளையின்மேல் 12 அங்குலம் நிற்குமாறு நீர் வார்த்து, குறைந்தது நான்கு மணி நேரம், இயலுமாயின் இரவு முழுவதும், குறையக் குறைய நிரப்பி வருக. இதனைச் சிலர் வீண் வேலையென விட்டுவிடுகின்றனர். உலர்ந்த மண்ணிலே நீர் இருவகையாற் போகின்றது: வெற்றிடங்களை நிரப்புவது ஒன்று, தொடர்ந்து கீழே செல்வது மற்றொன்று. உறிஞ்சு குழி ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்குமாதலின் இரண்டாவதே நமக்கு வேண்டிய அளவு. அன்றியும், களித்துகள்கள் நீருண்டு பருத்துத் துளைகளை நெருக்குதற்கு ஓரிரவு காலம் வேண்டும்.

நான்காவதாக, மறுநாள் நீர்மட்டத்தைச் சரளைக்கு மேல் 6 அங்குலமாக அமைத்து, அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியதென்று அளந்து, மீண்டும் 6 அங்குலத்திற்கு நிரப்புக. இவ்வாறு நான்கு மணி நேரஞ் செய்து, இறுதி அரைமணியில் இறங்கிய அளவை மாத்திரம் கணக்கிற் கொள்க. ஊறவைத்த நீர் மறுநாட் காலையிலும் குழியில் எஞ்சியிருந்தாலோ, நான்கு மணி வேண்டா. ஓர் அரைமணி அளவே போதும். அரைமணிக்குள் ஆறு அங்குலமும் முற்றாக இறங்கிவிடும் மணற்பாங்கான நிலமாயின், பத்து நிமிடத்திற்கு ஒருமுறையாக ஒரு மணி நேரம் அளந்து, இறுதி அளவைக் கொள்க.

எடுத்த நிமிடத்தை இறங்கிய அங்குலத்தால் வகுத்தால் வருவது ஊடுவடிதல் வீதம், அதாவது ஓர் அங்குலம் இறங்க எடுக்கும் நிமிடம். அது 60க்கு மேற்படின் அந்நிலம் எவ்வகை உறிஞ்சலுக்கும் ஆகாது. 30க்கு மேற்படின் ஆழமான உறிஞ்சு குழி ஆகாது. ஆழங்குறைந்து நீண்ட கான்களே ஏற்றவை. ஒரு நிமிடத்திற்குங் குறையுமாயின் நிலம் சல்லடையாகும். நீர் வடிகட்டப்படாமலே நிலத்தடிக்குச் சென்றுவிடும். ஆங்கிலேயர் முறையிலே ஒரு மில்லிமீற்றர் இறங்க 15 வினாடி முதல் 100 வினாடி வரை எடுக்கும் நிலமே தக்கதெனக் கொள்ளப்படுகிறது. அதனை அங்குலக் கணக்கிற்கு மாற்றின், ஏறத்தாழ 6 நிமிடம் முதல் 42 நிமிடம் வரையாகும். விரைவும் குற்றம், மந்தமும் குற்றம் என்பதில் இரு நாட்டாரும் உடன்படுகின்றனர்.

எண்ணும் அளவும்

சோதனையின் பயன் கணக்கிலே விளங்கும். அமெரிக்கக் கைந்நூலின் வாய்பாட்டை இலீற்றருக்கு மாற்றினால், 19ஐ ஊடுவடிதல் வீதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணே, ஒரு சதுர அடி மண் ஒரு நாளில் ஏற்கக்கூடிய இலீற்றர் ஆகும்.

ஐவர் வாழும் வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 இலீற்றராக 500 இலீற்றர் கழிவுநீர் எனக் கொள்வோம். ஊடுவடிதல் வீதம் 9 நிமிடமாயின், வர்க்கமூலம் 3. ஒரு சதுர அடி 6.3 இலீற்றரை ஏற்கும். வேண்டிய பரப்பு ஏறத்தாழ 79 சதுர அடி. வீதம் 25 நிமிடமாயின், வர்க்கமூலம் 5. ஒரு சதுர அடி 3.8 இலீற்றரையே ஏற்கும். வேண்டிய பரப்பு 132 சதுர அடி. நான்கடி விட்டமுள்ள வட்டக் குழியின் சுவர், ஓரடி ஆழத்திற்கு ஏறத்தாழ பன்னிரண்டரைச் சதுர அடி தரும். முதல் நிலத்திலே ஆறேகாலடி ஆழம் போதும். இரண்டாவதிலோ பத்தரை அடி வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்தினின்று ஐந்தடியேனும் மேலே இருத்தல் வேண்டுமாதலின், மழைக்காலத்திலே பன்னிரண்டு அடியில் நீர் காணும் மனையில் இத்தகைய குழிக்கு இடமே இல்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு செம்மண் மனைகளிடையே உள்ள வேறுபாடு இத்தகையது.

மற்றொன்றையும் இக்கணக்கு உணர்த்தும். குளியல் நீரையும் சமையல் நீரையும் வேறாகப் பிரித்து, மலசலகூட நீரை மட்டும் தாங்கிக்கு விட்டால், ஆளுக்கு 25 இலீற்றராக 125 இலீற்றரே வரும். அதே மந்தமான நிலத்திலும் 33 சதுர அடி போதுமானதாகும். எல்லா நீரையும் ஒரே குழிக்கு விடும் பழக்கமே பல குழிகள் விரைவில் நிரம்புதற்குக் காரணம்.

இவ்வெண்கள் புதுக்குழிக்கு உரியன என்பதை மறத்தல் கூடாது. நாளடைவிலே குழிச்சுவரிற் பற்றீரியாக்களாலான கரிய வழுவழுப்புப் படலம் உண்டாகி உறிஞ்சலைக் குறைக்கும். ஆதலின் கணக்கில் வந்த பரப்பினும் மிகுதியாக அமைத்தலும், மற்றொரு குழிக்கு இடம் ஒதுக்கி வைத்தலும் அறிவுடைமை. சோதனையோடு மண்ணடுக்கின் நிறத்தையும் இழையமைப்பையும் நேரிற் கண்டு ஆராய்தலையுஞ் சேர்த்தே முடிவு கூறல் வேண்டும் என்பது இக்காலத்து அறிஞர் கொள்கை. நம் நாட்டிலே இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 745ஆம் இலக்கத் தரநூல் இத்தாங்கிகளின் அமைப்பை வரையறுக்கின்றது.

சரிவும் பீலியும்

சமநிலத்து நூல்கள் மலைநாட்டிற்கு முற்றும் பொருந்தா. சமநிலத்தில் நீர் கீழ்நோக்கி இறங்கும். சரிவிலோ இறுகிய அடிமண்ணையோ பாறையையோ கண்டவுடன் பக்கவாட்டிலே திரும்பும். மேல்வீட்டுக் குழி நன்றாக உறிஞ்சுகிறதென வீட்டுக்காரர் மகிழ்ந்திருக்க, கீழ்வீட்டின் பின்புறத்து மண்சுவரிலே ஈரமும் நாற்றமும் தோன்றும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டும் என்பது பலரும் அறிந்த விதி. 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி வேண்டும் என்பாரும் உளர். கீழ்ச்சரிவிலே கிணறோ பீலியோ இருப்பின் கூடிய அளவையே கொள்ளுதல் நன்று. பாறைவெடிப்பு உள்ள இடத்தில் அதுவும் போதாதொழியலாம்.

வெடிப்புகளின் வழியே நிலத்தடி நீர் எத்துணைத் தூரம் தொடர்புற்றிருக்கிறது என்பதை ஊவா மக்கள் கண்கூடாகக் கண்டனர். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 டிசெம்பரில் நீர் பெருக்கெடுத்துப் பாய்ந்தபின், மேலே பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நீர் இழுபட்டுச் சென்ற வழிகள் அழுக்கும் செல்லக்கூடிய வழிகளே.

சரிவின் உறுதியும் இங்கே எண்ணத்தக்கது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயன்கள் மண்ணுட் புதையுண்டதை மறந்தவர் இலர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த பெருமழையிலும் பதுளை மாவட்டம் பல மண்சரிவுகளைக் கண்டது. இவற்றுக்குக் காரணம் பெருமழையும் சரிவின் இயல்புமேயன்றி உறிஞ்சு குழிகளல்ல. எனினும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஏழு பேர்ச் மனை ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதனுள் நாள்தோறும் 500 இலீற்றர் விட்டால், அது 2.8 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். ஓராண்டிலே ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேலாகும். பதுளையின் ஆண்டு மழையோ ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர். அதிற் பாதிக்கு மேற்பட்ட நீரை, அதுவும் மண்ணின் ஆழத்திலே, கோடையிலும் விடாமல் நாமே ஊற்றுகிறோம். நெருக்கமாக வீடுகள் எழும் சரிவிலே இது சிறிய காரியமன்று.

ஊடுவடிதற் சோதனை மண் நீரை ஏற்குமா என்று மாத்திரம் கூறும். ஏற்ற மண் சரிவிலே நிலைத்து நிற்குமா என்று கூறாது. அதனைக் கூறவல்லது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் வீடு கட்டுதற்கு அந்நிறுவனத்தின் சான்று வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறை. ஒரு சோதனையில் வென்ற மனை மற்றதில் தோற்கலாம். இரண்டிலும் வென்றதே குடியிருக்கத் தக்க மனை.

ஏழு பேர்ச்சின் இடர்ப்பாடு

தோட்டங்களின் தனிவீட்டுத் திட்டங்களிலே குடும்பத்திற்கு ஏழு பேர்ச் நிலம் என்பது பல்லாண்டு வழங்கிய அளவு. அது 1,906 சதுர அடி. சதுரமாக அமைந்தால் பக்கம் 44 அடிக்கும் குறைவு. மூலைக்கு மூலை 62 அடியே. நடுவிலே வீடு நிற்க, 50 அடி விலகலைத் தன் எல்லைக்குள்ளேயே காப்பது எவர்க்கும் அரிது. இதிலிருந்து பெறப்படுவது யாது? சிறுமனைகளில் கழிவுநீர் ஒருபோதும் ஒரு வீட்டின் தனிக்காரியமாக இருப்பதில்லை, அஃது ஊர்க்காரியம். ஒவ்வொருவரும் தத்தம் மனையிலே விதியைக் காத்தாலும் ஊர் முழுவதும் விதி தவறியதாக முடியலாம்.

ஆதலின் சோதனை செய்யவேண்டிய காலம் வீடு கட்டும்போதன்று; மனைகளைப் பிரித்து முளையடிப்பதற்கு முன்னரேயாம். எந்தச் சரிவு உறிஞ்சும், எந்தச் சரிவின் கீழே பீலி உண்டு, எங்கே பாறை மூன்றடியில் எதிர்ப்படும் என்பவற்றை அறிந்தபின் வரைபடம் வரைந்தால், குழிகள் ஒரு பக்கமும் குடிநீர் ஒரு பக்கமுமாக அமையும். வரைபடம் வரைந்து, சுவர் எழுப்பி, திறப்பு விழாவும் முடிந்தபின் மண்ணைக் கேட்டால், அது கூறும் விடை பயன்படாது. புயலால் வீடிழந்தோர்க்குப் புதுநிலம் தேடப்படும் இந்நாளில் இதனை வற்புறுத்திக் கூறவேண்டியுள்ளது. ஓர் அபாயத்தினின்று தப்பியவரை மற்றோர் அபாயத்திலே குடியேற்றுதல் அறமாகாது.

மண் மறுத்தால் செய்யத்தக்கன

மண் ஏற்காதென்று கண்டபின் மனையைக் கைவிடல் வேண்டும் என்பதில்லை. முறையை மாற்றுதல் வேண்டும். ஆழ்குழி ஆகாத இடத்திலே, சரிவின் சமவுயரக் கோட்டை ஒட்டி ஆழங்குறைந்த நீண்ட கான்களை அமைக்கலாம். தேயிலை மலையிற் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையன்று. சரளை நிரப்பிய தொட்டியிலே கல்வாழை, சம்பு முதலியவற்றை வளர்த்துக் கழிவுநீரை அதனூடே செலுத்தினால், செடிகள் ஒரு பகுதியை உண்டு, மற்றொரு பகுதியை ஆவியாக்கும். பல வீடுகளுக்குப் பொதுவான தாங்கியமைத்து, தகுந்த நிலமுள்ள இடத்திற்குக் குழாய்வழி கொண்டு செல்லலாம். எதற்கும் இடமில்லையாயின், கசியாத தாங்கி கட்டி, உள்ளூராட்சி மன்றத்தின் பவுசர் வண்டியால் இறைப்பித்தல் வேண்டும். அவ்வண்டி ஏறிவரும் பாதை உண்டா என்பதையும் முன்னரே பார்த்தல் வேண்டும்.

மேல்மழைநீர் உறிஞ்சு குழிக்குள் இறங்காதவாறு அதன் மேற்புறத்திலே கான் வெட்டுதலும், கூரைநீரை வேறு வழியே விடுதலும், தாங்கியிற் சேறு நிறைந்து வழியுமுன் அகற்றுவித்தலும் எல்லா மனைக்கும் பொது.

முடிவுரை

நம் பழைய மாணவருள்ளே பொறியியலாளர் உளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உளர், தோட்ட உத்தியோகத்தர் உளர், பிரதேச சபைகளில் அமர்ந்திருப்போரும் உளர். மனைப்பிரிப்பு வரைபடம் ஒன்று அவர் மேசைக்கு வரும்போது, 'இந்நிலத்திலே நீர் ஊற்றிப் பார்த்தீர்களா?' என்ற ஒரு வினாவை அவர் எழுப்புவாராயின், பல குடும்பங்களின் பீலிநீர் காக்கப்படும். இப்பொழுது பயிலும் மாணவர், விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு தம் ஊரிலே மூன்று குழி தோண்டி அளந்து, வீதத்தைக் கண்டு, குறித்து வைப்பாராக. வகுப்பறையிலே வர்க்கமூலங் கற்பதன் பயன் அப்போது அவர்க்குத் தெளிவாகும்.

ஊவா மலைகளைப் பச்சையாக்கியவர் நம் முன்னோர். அவர் வெட்டிய கான்களும் அடுக்கிய கல்வரிசைகளும் இன்றும் அச்சரிவுகளைக் காத்து நிற்கின்றன. அம்மண்ணிலே சொந்த மனை என்று ஒரு துண்டைப் பெறும் தலைமுறை இது. பெற்ற துண்டிலே முதல் அலவாங்கு வீட்டின் அத்திவாரத்திற்கு விழுமுன் சோதனைக் குழிக்கு விழட்டும். மண் தன் இயல்பைத் தெளிவாகவே கூறும். கேட்கும் பொறுமை நமக்கு ஓரிரவும் ஒரு பகலுமே வேண்டும்.